கரைக்கோடு வரைபடத்தோடு மக்கள் முன்னால் நின்ற அனுபவம் உண்டா?

உப்புக்காற்று:
பல வருடக் கரைக்கோடுகளை ஒப்பிட்டு மாற்றத்தைக் கணக்கிடும் டிஎஸ்ஏஎஸ் மென்பொருளை ஓட்டி முடித்த வரைபடத்தை மீனவர் கூட்டத்தில் விரித்தோம். சிவப்பு அரிப்பு, நீலம் மணல் சேர்வது, பச்சை நிலையான கரை. ஒரு பெரியவர் பச்சை மேல் விரலை வைத்து, "தம்பி, இங்கதான் என் வீடு இருந்துச்சு. இப்ப கிணறு மட்டும் நிக்குது" என்றார். கையோடு கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். உறைக்கிணறு. சுற்றியிருந்த மண் மொத்தமும் போய், சிமெண்ட் உறைகள் மணலுக்கு மேலே ஆள் உயரத்துக்கு நின்றன. மேல் உறையின் விளிம்பில் கயிறு தேய்த்த தடம் அப்படியே இருக்கிறது.

கணக்கு சரிதான். 1990, 2020 கோடுகள் அந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் கரை உள்ளே போய்த் திரும்பியிருக்கிறது. நாங்கள் போட்ட எண்ட் பாயிண்ட் ரேட் என்ற கணக்கு முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் மட்டும்தான் பார்க்கும். வீடு போனது அந்த நடுவில். "பச்சைன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

முப்பது மீட்டர்:
எனக்கு நேர் எதிர். வரைபடத்தில் கரை முழுக்கச் சிவப்பு. நேரில் போனால் மணல் பரந்து கிடக்கிறது, பையன்கள் பந்தாடுகிறார்கள். பழைய செயற்கைக்கோள் படம் ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) வற்றியபோது எடுத்தது, புதியது ஏறியபோது. ஐம்பதுக்கு ஒன்று சரிவில் ஒரு மீட்டர் ஓத வித்தியாசமே நீர்க்கோட்டை 50 மீட்டர் நகர்த்திவிடும். சொன்னேன். "கலர் நல்லா வந்திருக்கு, அப்படியே போடு" என்றார் மேலே இருந்தவர். அறிக்கையில் இன்றும் சிவப்புதான்.

கல்சுவர்:
உப்புக்காற்று, எண்ட் பாயிண்ட் ரேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லா வருடக் கோடுகளுக்கும் ஒரே நேர்கோடு பொருத்தும் லீனியர் ரெக்ரஷன் போட்டாலும், போய்த் திரும்பிய கரைக்குச் சுழியத்துக்குப் பக்கத்தில்தான் வரும். அந்தப் பொருத்தம் எவ்வளவு சரி என்று காட்டும் ஆர் ஸ்கொயர் படுத்துக் கிடக்கும், அதை யார் வரைபடத்தில் போடுகிறார்கள்? அதே மென்பொருளில் எஸ்சிஇ இருக்கிறது: கோடுகளிலேயே மிகவும் கடல் பக்கம் இருப்பதற்கும் மிகவும் உள்ளே இருப்பதற்கும் இடையிலான தூரம். அதைப் போட்டிருந்தால் பெரியவர் வீடு தெரிந்திருக்கும்.

என் கதை சின்னது. தூண்டில் வளைவின் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) ஒரு பக்கம் மணல் ஏறியது, மறுபக்கம் அரித்தது, அந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் சராசரி "மாற்றமில்லை" என்றது.

அப்புறம் எல்லோருக்கும்: படங்களை ஒரே பருவத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் பருவக்காற்று கொண்டுபோன மணலை நிரந்தர அரிப்பு என்று எழுதுவீர்கள். நீர்க்கோட்டை நம்ப முடியாத இடத்தில் செடி தொடங்கும் எல்லையை வரையுங்கள். பழைய தாள் வரைபடமென்றால் டேட்டத்தை (இடங்களை அளக்கும் அடிப்படைச் சட்டகம்) மாற்றாமல், செயற்கைக்கோள் படங்கள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 மேல் வைக்காதீர்கள், கரையே இடம் மாறி நிற்கும். இன்னொன்று, கோடு திரும்பினால் மணலின் உயரமும் திரும்பியது என்று அர்த்தமில்லை. அந்தக் கிணறே சாட்சி. கரையின் உயர ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறுக்குவெட்டை அளக்காமல் விடாதீர்கள்.

உப்புக்காற்று:
அண்ணே, எஸ்சிஇ பின்னிணைப்பில் அட்டவணையாக இருந்தது. கூட்டத்துக்குப் பின்னிணைப்பையா கொண்டுபோவார்கள்? நான் கேட்பது, அந்த இடத்துக்குப் பச்சை இல்லாமல் வேறு என்ன நிறம் போடுவது?

மணல்மேடு:
மாற்றம் அளவீட்டுப் பிழை எல்லைக்குள் வந்த இடங்களையெல்லாம் நாங்கள் சாம்பல் ஆக்கி, "சொல்ல முடியாது" என்று எழுதினோம். "சொல்ல முடியாததுக்கு எதுக்குய்யா இவ்வளவு செலவு?" என்று கேட்டார் ஒரு அதிகாரி. மறுவாரம் பச்சையாகிவிட்டது.