அப்பப்பாவின்ர மணிக்கூட்டைத் திருத்த ஆர் இருக்கினம்?

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன். அப்பப்பாவின்ர யுங்கன்ஸ் எண்ட ஜேர்மன் கொம்பனிச் சுவர் மணிக்கூடு சித்திரைக்குப் பிறகு ஒழுங்கா ஓடுதில்லை. 8 நாளைக்கு ஒருக்கா சாவி குடுக்கிற வகை. முகப்பில 8 முனை நட்சத்திரம், அதுக்குள்ள ஜே எழுத்து.

சாவி குடுத்தா 20 நிமிஷம் ஓடும், பிறகு பெண்டுலம் சோர்ந்து நிண்டிடும். சத்தமும் நொண்டுது: டிக்... டக்டிக்... டக். 4 மணிக்கு 9 அடிக்குது. அப்பம்மா ஒருநாள் அதை நம்பிப் படுக்கப் போயிட்டா.

நீர்மட்டம் வைச்சு நேராத் தொங்கவிட்டன். மணிக்கூட்டு எண்ணெய் விட்டன். பெண்டுலம் தொங்கிற மெல்லிய தகட்டையும் மாத்தினன். டவுனில ஒரு கடையில குடுக்க, ரெண்டு கிழமை வைச்சிருந்திட்டு, "பற்றரி மெஷின் போடுவம்" எண்டு சொல்லிச்சினம். திருப்பி வாங்கிக்கொண்டு வந்திட்டன். கழற்றிப் பாத்தா, பித்தளைத் தகட்டில அச்சு சுத்துற ஓட்டையள் முட்டை வடிவாத் தேஞ்சிருக்கு. சுத்திவரக் கறுத்த பச்சை அழுக்கு. இதுக்குப் புஷ், அதாவது தேஞ்ச ஓட்டைக்குள்ள இறுக்கிற சின்னப் பித்தளை வளையம், போடத் தெரிஞ்ச கை வேணும்.

வாற போயா (பௌர்ணமி) லீவுக்கு வேனில ஹபரண, தம்புள்ளை, மாத்தளை வழியாக் கண்டி போறம். பெண்டுலத்தைக் கழற்றித் தனியாச் சுத்தி, மணிக்கூட்டையும் ஏத்திக்கொண்டு வருவன். இந்த ரோட்டில, பழைய மணிக்கூடு சேர்க்கிற, புஷ் போட்டுத் திருத்தத் தெரிஞ்ச ஆரைப் போய்ப் பாக்கலாம்?