பாப்பா அரை மணிக்கு ஒருதடவ பால் கேக்குறா, எனக்கு பால் பத்தலையா?

தேனிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். முதல் குழந்தை, பொண்ணு, இந்த வாரத்தோட ஆறு வாரம் ஆகப்போகுது, சிசேரியன். அம்மா வீட்லதான் இருக்கேன், வீட்டுக்காரர் பெங்களூர்ல, வாராவாரம் வந்துட்டு போறாரு. பிரச்சனை என்னன்னா பாப்பா பால் குடிச்சு முடிச்சு அரை மணிநேரம் கூட ஆகாது மறுபடி வாயத் தொறந்துட்டு தேடுறா. பகல்லயாச்சும் நடுவுல கொஞ்சம் தூங்குவா, சாயங்காலம் ஆறு மணி ஆயிட்டா போதும் பதினோரு மணி வரைக்கும் மடியவிட்டு எறங்கவே மாட்டேங்குறா, குடிப்பா, அஞ்சு நிமிஷத்துல கண்ண மூடுவா, கீழ போட்டா வீல்னு கத்துவா, திரும்ப குடிப்பா. பாத்ரூம் போகக்கூட அம்மாகிட்ட குடுத்துட்டு ஓடணும்.

முதல்ல மார்பு நல்லா கல்லு மாதிரி கனமா இருக்கும், தானா வடியும். இப்ப ஒரு வாரமா தொளதொளன்னு இருக்கு. பம்ப் வச்சு எடுத்து பாத்தேன், ரெண்டு பக்கமும் சேத்து 30 மில்லிகூட வரல. பாப்பாவ பாக்க வந்த அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, "பச்சப்புள்ள பசியில கெடந்து துடிக்குது, ஒரு டப்பா பவுடர் வாங்கி ராத்திரிக்கு குடு, வயிறு ரொம்புனா தூங்கும்"னு சொல்லிட்டு போயிட்டாங்க. எங்கம்மா பூண்டு, பால்சுறா புட்டு, முருங்கக்கீரைன்னு போட்டு தாக்குறாங்க, ஆனா அவங்களுக்கும் உள்ளுக்குள்ள சந்தேகம் வந்துருச்சு. பொறந்தப்ப 2.8 கிலோ, ரெண்டு வாரத்துல பாத்தப்ப 2.9, அப்பறம் எடை பாக்கவே இல்ல. நிஜமாவே பால் பத்தலையா இல்ல இது இப்படித்தானா? யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ், தூக்கமில்லாம அழுகையா வருது.

கோவை_தீபா

இப்படித்தான்பா. என் பையன் ஆறாவது வாரத்துல என்னைய சோஃபாவுலயே ஒட்ட வச்சுட்டான். கொஞ்ச நாள்ல தானா கொறஞ்சுது. வெயிட்ட மட்டும் ஒருதடவ பாத்துருங்க, மத்தபடி யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க.

மதுர_சிஸ்டர்

பிரசவ வார்டுல பல வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், இந்த கேள்வி கேக்காத அம்மாவே கெடையாது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

எத்தன தடவ குடிக்குதுங்குறத வச்சு பால் பத்துதா இல்லையான்னு சொல்லவே முடியாது. பொறந்த குழந்தை 24 மணி நேரத்துல 8லிருந்து 12 தடவ குடிக்கிறது சாதாரணம், அதுக்கு மேலயும் குடிக்கிற குழந்தைங்க இருக்கு. அதுவும் மூணு மணிக்கு ஒருதடவன்னு கடிகாரம் பாத்து குடிக்காது, பகல்ல ரெண்டு மணிநேரம் விட்டுட்டு சாயங்காலம் வரிசையா அஞ்சாறு தடவ சேத்து குடிக்கும். இத கிளஸ்டர் ஃபீடிங்னு சொல்வாங்க. மூணாவது வாரம், ஆறாவது வாரம், மூணாவது மாசம் வாக்குல திடீர்னு இது ஜாஸ்தியாகும். இன்னொன்னு, சும்மாவே கைக்குழந்தைங்க அழுறது ஆறாவது வாரத்துலதான் உச்சத்துல இருக்கும், அதுவும் சாயங்காலம்தான். ரெண்டும் ஒன்னா சேரும்போது எந்த தாய்க்கும் "ஐயோ என்கிட்ட பால் இல்ல"ன்னுதான் தோணும்.

மார்பு தளந்து போச்சுன்னு சொன்னீங்கல்ல, அது பால் வத்துனதுக்கு அடையாளம் இல்ல. முதல் சில வாரம் ஹார்மோன் வேகத்துல தேவைக்கு மேல சொரக்கும், அதான் கனம், வலி, வடியறது எல்லாம். அப்பறம் உடம்பு குழந்தை எவ்வளவு எடுக்குதோ அதுக்கு தகுந்த மாதிரி அளவ சரிபண்ணிக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும்னு நம்ம பாட்டிங்க சொன்னது இதுக்கு அப்படியே பொருந்தும், மார்புல பால் தேங்கி நின்னா சொரப்பு மெதுவாகும், காலியாக காலியாக வேகமா சொரக்கும். அதனால "பால் ஊறட்டும்"னு நாலு மணிநேரம் குடுக்காம வைக்கிறது தலகீழ் வேல. ஒரு சிலருக்கு ஒருநேரத்துல மார்புல தேங்கி நிக்கிற அளவு கம்மி, அவங்க குழந்தை அடிக்கடி குடிக்கும், ஆனா ஒரு நாள் மொத்தத்துக்கு பாத்தா அதே அளவுதான் குடிச்சிருக்கும். பம்ப்ல வந்த 30 மில்லிய மறந்துருங்க. குழந்தை உறிஞ்சுற மாதிரி மெஷின் உறிஞ்சாது, அதுவும் குழந்தை குடிச்சு முடிச்ச கையோட எடுத்தா அவ்வளவுதான் வரும்.

அப்ப எத பாக்குறது? மூத்திரம். 24 மணி நேரத்துல 6 தடவைக்கு மேல நல்லா நனையுதா, கலர் தண்ணி மாதிரி இருக்கா. டயப்பர் போட்டா கணக்கு தெரியாது, ரெண்டு நாளைக்கு மட்டும் துணி கட்டி எண்ணி பாருங்க. அடுத்தது வெயிட். பொறந்ததும் கொஞ்சம் எறங்கி ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடைக்கு திரும்ப வரணும், உங்க பாப்பா வந்துட்டா. அதுக்கப்பறம் மூணு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு 20லிருந்து 30 கிராம், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 150லிருந்து 200 கிராம் ஏறினா பாலு தாராளமா போகுதுன்னு அர்த்தம். ஒன்னரை மாச ஊசி வருதுல்ல, புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போகும்போது நர்ஸம்மாகிட்ட துணியெல்லாம் கழட்டிட்டு எடை போடச்சொல்லி அட்டையில எழுதி வாங்கிக்கோங்க. ஊசி போடுற நேரத்துல பால் குடுத்துட்டே இருந்தா வலியும் கம்மியா தெரியும்.

ஒரே ஒரு இடம் எனக்கு இடிக்குது. அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுறா, போட்டா எந்திரிக்கிறான்னு எழுதியிருக்கீங்க. காம்ப மட்டும் கவ்வி குடிக்கிறாளான்னு பாருங்க. வாய நல்லா பெருசா தொறக்குற வரைக்கும் காத்திருந்து, காம்ப சுத்தி கருப்பா இருக்குற பகுதியும் வாய்க்குள்ள போற மாதிரி குழந்தைய உங்ககிட்ட இழுக்கணும், நீங்க குனிஞ்சு குடுக்கக்கூடாது. தாடை மார்புல பதியணும், கீழுதடு வெளிய மடிஞ்சிருக்கணும், விழுங்குற சத்தம் கேக்கணும். "டிக் டிக்"னு நாக்கு விடுபடுற சத்தம் வந்தாலோ, குடிச்சு முடிச்சதும் காம்பு நசுங்கி சப்பையா இருந்தாலோ, புண்ணு இருந்தாலோ பிடிப்பு சரியில்ல. தூங்க ஆரம்பிக்கும்போது மார்ப கையால லேசா அமுக்கிக் குடுங்க, பால் வேகமா வரும், மறுபடி முழுங்க ஆரம்பிப்பா. அப்பவும் தூங்கினா ஏப்பம் எடுத்துட்டு அடுத்த பக்கம் மாத்துங்க.

காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல, எழுப்பினாலும் எந்திரிக்காத தூக்கம், மூத்திரம் மஞ்சளா கம்மியா போறது, எடை ஏறாதது, இதுல ஏதாச்சும் ஒன்னு இருந்தா இங்க பதில் பாத்துட்டு உக்காரக்கூடாது, அன்னைக்கே டாக்டர். தண்ணி, சர்க்கரத் தண்ணி, கிரைப் வாட்டர், கழுதப்பால் எதுவும் ஆறு மாசம் வரைக்கும் வேண்டாம், டாக்டர் எழுதிக் குடுத்த வைட்டமின் டி சொட்டு மட்டும் போதும்.

சென்னைபிரியா

நான் மத்தவங்க மாதிரி சொல்லமாட்டேன். எனக்கும் இதே நெலமைதான், ராத்திரி ஒரு வேள பவுடர் பால் குடுத்தேன், நாலு மணிநேரம் நான் தூங்கினேன், என் பொண்ணு இப்ப யூகேஜி போறா, நல்லாத்தான் இருக்கா. தாய்ப்பால்தான் தாய்ப்பால்தான்னு சொல்லி சொல்லியே பெத்தவள பைத்தியமாக்குறாங்க. தூக்கமில்லாத அம்மாவால குழந்தைக்கு என்ன பிரயோஜனம்?

மதுர_சிஸ்டர்

பிரியா, நீங்க பண்ணது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, எடை ஏறாத குழந்தைக்கு நாங்களே எழுதிக் குடுக்குறோம். ஆனா இவங்களுக்கு தேவையான்னு இன்னும் தெரியல, அதுக்குள்ள ஆரம்பிச்சா அந்த ஒரு வேள மார்புல பால் தேங்கும், சொரப்பு கொஞ்சம் கொறையும், அடுத்து ரெண்டு வேள ஆகும், அப்பறம் "பாத்தியா நான் அப்பவே சொன்னேன்"னு அத்தையே வந்து நிப்பாங்க. குடுத்தே ஆகணும்னா டப்பாவுல போட்டிருக்குற அளவுப்படி கலக்கணும், மிச்சம் பிடிக்கிறேன்னு தண்ணி ஜாஸ்தியா ஊத்தக்கூடாது. பாட்டில் வேண்டாம், பாலாடையில குடுங்க. நம்ம நாட்டுல 1992லயே சட்டம் போட்டு பவுடர் பாலுக்கு விளம்பரத்த நிறுத்தியாச்சு, டப்பா மேல குழந்தை படம்கூட போடக்கூடாது. அப்படியும் சொந்தக்காரங்க வாயால விளம்பரம் நடந்துட்டேதான் இருக்கு, என்ன பண்றது.

தூக்கத்த பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, அத நான் எழுதாம விட்டுட்டேன். தேனிக்காரி, ராத்திரி உக்காந்துட்டே குடுக்காதீங்க, ஒருக்களிச்சு படுத்துட்டு குடுங்க. சோஃபாவுலயும் ஈஸி சேர்லயும் குழந்தைய வச்சுட்டு அசந்து தூங்குறது ரொம்ப ஆபத்து, அதவிட தலகாணி போர்வை எதுவும் குழந்தை பக்கத்துல இல்லாத கெட்டியான பாய், மெத்தை எவ்வளவோ மேல். குடிச்சதும் குழந்தைய மல்லாக்க படுக்கவைங்க.

யாழ்_மாதுளை

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். எங்கட மூத்தவன் பின்னேரம் ஆறு மணிக்கு தொடங்கினா பத்து மணி மட்டும் விடமாட்டான், என்ட மாமியும் பால்மா வாங்கச்சொல்லி ஒரே கரைச்சல். எங்கட பக்கம் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வந்து பாக்கிறவ, அவ கிளினிக் புத்தகத்தில நிறைக் கோட்டை மாமியிட்ட காட்டி "இஞ்ச பாருங்கோ, பிள்ளை வடிவா ஏறுது"ண்டு சொன்ன பிறகுதான் மனுசி வாய மூடினது. நாங்கள் சொன்னா நம்ப மாட்டினம், எழுத்தில கிடந்தா நம்புவினம். நீங்களும் அந்த அட்டையை கையில வச்சிருங்கோ.

பத்தியக்கறி, மிளகு சீரகம் அரைச்ச சரக்கு, பால்சுறா எல்லாம் நல்லாச் சாப்பிடுங்கோ, ஆனா அது பால் கூட்டுறதுக்கு எண்டு நினைக்காமல் உங்கட உடம்புக்கு எண்டு சாப்பிடுங்கோ. சில வீட்டில பத்தியம் எண்டு தண்ணியையே குறைச்சுப்போடுவினம், அதுக்கு மட்டும் சம்மதிக்காதேங்கோ, பால் குடுக்க உக்காந்தாலே தாகம் வரும்.

ரெண்டுபுள்ளதகப்பன்

ஆம்பள இங்க வந்து பேசுறேன்னு நெனைக்காதீங்க தேனிக்காரி. பால் குடுக்குறத தவிர மிச்சம் எல்லாத்தையும் வேற யாராச்சும் செய்யலாம், அததான் செய்யணும். நான் வீட்ல இருந்தப்ப பால் குடிச்சு முடிச்சதும் குழந்தை என் தோளுக்கு வந்துரும், ஏப்பம், துணி மாத்துறது, தாலாட்டு எல்லாம் என் டிபார்ட்மெண்ட். பால் வாசனை இல்லாத ஆள் தூக்கினா சில நேரம் குழந்தை அடங்கிரும், அம்மா தூக்கினா பசி இல்லனாலும் தேடும். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடியே உங்கம்மாவ ராத்திரி சாப்பாடு குடுத்துரச் சொல்லுங்க, பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி, கடலமுட்டாய், போன் சார்ஜர். அந்த அஞ்சு மணிநேரம் ஒரு ஷிஃப்ட்னு வச்சுக்கோங்க, வேற எந்த வேலையும் பண்ணமுடியலயேன்னு கவலப்பட்டா அதுவே பாதி எரிச்சல்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒன்னு சொல்லுங்க, அவங்கம்மாவுக்கு அவரே போன் போட்டு பேசணும். மருமக சொன்னா வாய் காட்டுறான்னு ஆகும், மகன் "டாக்டர் இப்படி சொல்லிருக்காரும்மா"ன்னு சொன்னா முடிஞ்சுது.

தேனிக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, புதன்கிழமை போயிட்டு வந்துட்டேன், அதான் ரெண்டு நாளா வரல. எடை 3.65!!! நர்ஸம்மா அட்டையில எழுதி, நாலு வாரத்துல 750 கிராம் ஏறியிருக்கு, பவுடர்னு யாராச்சும் சொன்னா என்கிட்ட அனுப்புன்னு சொன்னாங்க. அவங்க கிட்டயே குடுத்துக் காட்டினேன், சிஸ்டர் சொன்னது சரி, நான் குனிஞ்சு குனிஞ்சு குடுத்துட்டு இருந்திருக்கேன், பாப்பா காம்பு நுனியத்தான் பிடிச்சிருக்கா. தலகாணி வச்சு மேல தூக்கி குடுக்கச்சொன்னாங்க. இப்ப பகல்ல ஒன்னரை ரெண்டு மணிநேரம் தூங்குறா. சாயங்காலம் மட்டும் அதே கதைதான், மாறவே இல்ல, ஆனா பால் இல்லாம அழுறா இல்லன்னு தெரிஞ்சதுக்கப்பறம் எனக்கு அவ்வளவு பயம் இல்ல.

அத்தைக்கு அவரு போன் பண்ணாரு. "நான் நல்லதுக்குத்தான சொன்னேன்"னாங்களாம், சரி விடுங்க.

ரெண்டு டவுட். தையல் இன்னும் ஒரு பக்கம் இழுக்குது, ஒருக்களிச்சு படுத்து குடுக்கலாமா? இன்னொன்னு, அடுத்த மாசம் கும்பகோணத்துக்கு கல்யாணத்துக்கு போகணும், பஸ்ல இப்படி குடிச்சுட்டே வந்தா என்ன பண்றது?

கோவை_தீபா

சூப்பர்பா!! பஸ்ஸுக்கு முன்னாடி பட்டன் வச்ச நைட்டி இல்லனா ஃபீடிங் குர்த்தி, மேல ஒரு காட்டன் துப்பட்டா, ஜன்னலோர சீட்டு, பக்கத்துல அம்மா. 2015லிருந்து நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுங்கள்ல பால் குடுக்க தனி ரூம் கட்டிருக்காங்க, எறங்குற எடத்துல கேளுங்க. சில ஊருல பூட்டித் தொங்கும், டைம் கீப்பர்கிட்ட சாவி கேட்டா தொறப்பாங்க. முடிஞ்சா ட்ரெயின்ல போங்க, எந்திரிச்சு நடக்கவாச்சும் முடியும்.

மதுர_சிஸ்டர்

3.65, எடை நல்லா ஏறியிருக்கு. ஆறு வாரம் ஆச்சுல்ல, தையல் காஞ்சு சீழு, செவப்பு எதுவும் இல்லனா தாராளமா ஒருக்களிச்சு குடுக்கலாம். உங்க முதுகுக்கு பின்னாடி ஒரு தலகாணி, ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒன்னு வச்சா தையல் இழுக்காது. பாப்பாவோட மூக்கு உங்க காம்புக்கு நேரா இருக்குற மாதிரி படுக்கவைங்க, குழந்தை முகத்துக்கிட்ட தலகாணி வேண்டாம். இழுக்குற வலி கூடுனா ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட காட்டிருங்க.

அழுகையா வருதுன்னு முதல்ல எழுதியிருந்தீங்க. தூக்கம் கெடைச்சும் அது நிக்கல, பாப்பா தூங்குற நேரத்துலகூட உங்களால தூங்கமுடியல, எதுலயும் மனசு ஒட்டலன்னா வீட்ல மறைக்காம சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, ராத்திரியில யாரும் இல்லனா அரசோட மனநல உதவி எண் 14416க்கு போன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க. அடுத்த ஊசி பத்தாவது வாரம், அப்பவும் எடை போட்டு அட்டையில எழுதி வாங்கிக்கோங்க.