தாத்தாவின் பேனாக்கத்தி இறுகிவிட்டது, வேலூரில் சரிசெய்ய ஆள் வேண்டும்

போகிக்குப் பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தி, இரண்டு அலகு, எருமைக்கொம்புப் பிடி. நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்த முத்திரை இன்னும் தெளிவாக இருக்கிறது. சின்ன அலகு நன்றாகத் திறக்கிறது. பெரியது பாதிக்கு மேல் வரவில்லை. ஆணியைச் சுற்றிச் செந்துரு.

மூன்று வாரமாகத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அப்புறம் பஞ்சில் தொட்டு, மூட்டில் மட்டும் மண்ணெண்ணெய். பழுப்பாகக் கசிந்ததே தவிர அசையவில்லை. லாங்கு பஜாரில் சாணை பிடிப்பவர் ஆணியைத் தட்டி எடுக்கலாம் என்றார். ஆனால் ஆணியை ஒட்டியே பிடியில் மயிரிழை விரிசல். தாத்தாவின் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த பிடி அது, மாற்ற மனமில்லை.

கொம்பு பிளக்காமல் ஆணியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது இருக்கிறார்களா?