கலைச்சொல் உதவி: காவலில் இல்லாத கதிரியக்கப் பொருள்

மொழிபெயர்ப்பாளர்:
குழும அன்பர்களுக்கு வணக்கம். மாணவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக இமயமலைச் சிகரமான நந்தாதேவி பற்றிய கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. 1964 அக்டோபரில் சீனா லோப் நூரில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதையடுத்து, அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் நம் உளவுத்துறையும் சேர்ந்து 7,816 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்றை நிறுவ முயன்றன. 1965 அக்டோபரில் பனிப்புயல் மறித்ததால், புளூட்டோனியத்தில் இயங்கும் அதன் மின்னியற்றியைப் பாறையோடு கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள்; மறு ஆண்டு போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை. இப்படித் தொலைந்தோ கைவிடப்பட்டோ திருடப்பட்டோ கட்டுப்பாட்டை விட்டு நீங்கிய பொருளைப் பன்னாட்டு அணுசக்தி முகமை ‘ஆர்ஃபன் சோர்ஸ்’ என்கிறது. ‘அநாதைக் கதிர்மூலம்’ என்று எழுதினேன். ஆசிரியர் குழு ஏற்கவில்லை.

கோவை அன்பர்:
ஏற்காதது நன்று. ‘அநாதை’ வடசொல். ‘ஏதிலி’ இருக்க இரவல் எதற்கு? ஏது, இல் என்று பிரித்தால் பற்றுக்கோடு இல்லாதது என்ற பொருள் தானே வருகிறது. ‘ஏதிலிக் கதிரி’ என்று சுருக்கமாகவே வைக்கலாம்.

யாழ்ப்பாண ஆசிரியர்:
ஐயா, குறளில் ‘ஏதிலார்’ என்றால் அயலார். இன்று ஏதிலி என்றால் அகதி. எங்கள் மக்களுள் பலர் சுமந்த சொல் அது. அதைத் தொலைந்துபோன புளூட்டோனியத்துக்குச் சூட்ட மனம் ஒப்பவில்லை. ‘கதிரி’ என்றால் மாணவர் நெற்கதிரை நினைப்பார்கள். ‘மூலம்’ பற்றியும் யோசியுங்கள், அது வைத்தியசாலை விளம்பரத்தை நினைவூட்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்:
மூலம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது, விடுங்கள். ‘கேட்பாரற்ற கதிர்மூலம்’ என்பதே என் பரிந்துரை. 2010இல் தில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட்-60 அப்படித்தான் கிடந்தது. என்னவென்று அறியாமல் பிரித்தவர்களுள் ஒருவர் இறந்தார். கட்டுரையில் நந்தாதேவிக் கருவியை ‘அணுகுண்டு’ என்று எங்கும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியில் இருந்தது முதன்மையாகப் புளூட்டோனியம்-238. அதன் அரை ஆயுட்காலம் 87.7 ஆண்டு. சிதையும்போது வெளிப்படும் வெப்பத்தை மின்சாரமாக்குவதே கருவியின் வேலை, வெடிப்பது அன்று. குளிரில் அது தந்த கதகதப்புக்காகச் சுமையாளர்கள் அதை விரும்பி அருகில் வைத்துக்கொண்டதாக உடன் சென்றவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைச் சுமந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது வேறு கதை.

சென்னை இதழாளர்:
வேறு கதை அன்று, பேராசிரியரே, அதுதான் கதை. மாயாபுரிக்குக் ‘கேட்பாரற்ற’ பொருந்தும், நந்தாதேவிக்குப் பொருந்தாது. 1978இல் அமெரிக்க இதழ் ஒன்று செய்தியை உடைத்த பிறகு நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். பிரதமர் மொரார்ஜி தேசாய் அப்போதுதான் அதை ஒப்புக்கொண்டார். அதுவரை பதின்மூன்று ஆண்டு மௌனம். 2021 பிப்ரவரியில் நந்தாதேவிப் பகுதியில் ஓடும் ரிஷிகங்கை ஆற்றில் வெள்ளம் வந்தபோது அதன் கரையிலுள்ள ரைனி கிராமத்தார் அந்தக் கருவியின் வேலையாக இருக்குமோ என்று கேட்டார்கள். ரோந்தி சிகரச் சரிவிலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் கருவி எங்கே என்பதற்கு இன்றுவரை விடை இல்லாதபோது, அந்த ஊகத்தை அறியாமை என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. கேட்பார் உண்டு, பொறுப்பேற்பார்தாம் இல்லை. ‘பொறுப்பாரற்ற கதிர்மூலம்’ என்க.

கோவை அன்பர்:
‘பொறுப்பார்’ என்றால் பொறுத்துக்கொள்வார் என்றும் பொருள்படும்; பொறு என்னும் வேரிலிருந்தே...

மொழிபெயர்ப்பாளர்:
வேராய்வைத் தனி இழையில் தொடர வேண்டுகிறேன். பெரும்பாலோர் ‘கேட்பாரற்ற’ என்பதற்கே இசைந்திருப்பதால் அதையே இட்டு அனுப்பிவிட்டேன். ரைனி பற்றிய பத்தியில் மட்டும் அச்சொல்லைத் தவிர்த்து, ‘இருப்பிடம் அறிவிக்கப்படாத கருவி’ என்று விரித்து எழுதியிருக்கிறேன்.

சென்னை இதழாளர்:
‘அறிவிக்கப்படாத’ என்றால் யாருக்கோ தெரியும் என்றாகிறது. அதை வைத்தவர்களுக்கே தெரியாது என்பதல்லவா சிக்கல்? என் மறுப்பு நிற்கட்டும்.