கிராம சபைத் தீர்மானத்தின் நகலை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குளம் நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் மறுகால் ஓடையை மூடிக் கான்கிரீட் தளம் போடப் போகிறார்கள். கேட்டால், "கிராம சபையிலேயே தீர்மானம் ஆகிவிட்டதே" என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஓடை என்ற பேச்சே எழவில்லை. பதிவேடு கைமாறி வந்தது, கையெழுத்துப் போட்டோம். எங்கள் பெயர்களுக்கு மேலே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு அதில் என்ன எழுதினார்கள்?

நகல் கேட்டால் நாளை வா என்கிறார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்துவிட்டதால், சண்டை போடக்கூட வார்டு உறுப்பினர் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம்தான். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டே, அதற்குள் கான்கிரீட் காய்ந்துவிடும்.

யாராவது தீர்மானப் புத்தகத்தை நேரில் பார்வையிட்டிருக்கிறீர்களா? முதலில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போவதா, நாகர்கோவிலில் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கா? அடுத்த கிராம சபையில் எதிர்த் தீர்மானம் கொண்டுவரவும் எண்ணம். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலை முடிந்து நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, வாசகம்தான் இல்லை. அப்படியொரு தீர்மானத்தை எழுதிய அனுபவம் உள்ளவர்கள் மாதிரி ஒன்றை இங்கே பகிர முடியுமா?