ரோசாவும் மானாப்புல்லும் கைவசம்: வீட்டிலேயே சென்ட் செய்யலாமா?

லிந்துலைத் தையல்காரி

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுக்குப் பின்னால் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மண்ணைத் தேற்றப் போட்டது. வாசலில் அம்மா வைத்த ரோசா. இவற்றை வைத்து சென்ட் செய்து விற்கலாம் என்று ஒரு யோசனை. யூடியூபில் இதழைத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் போத்தலில் அடைத்து இதுதான் சென்ட் என்கிறார்கள். உண்மையா? செலவு குறைந்த வழியாகச் சொல்லுங்கள்.

ஹட்டன் பொடியன்

அது சென்ட் இல்லை அக்கா, ரோசா ரசம். சில நாளில் புளித்துவிடும்.

வெலிமடைத் தைலக்காரன்

தங்கச்சி, தைலம் வடிப்பது ஒரு வேலை, சென்ட் கூட்டுவது வேறு வேலை. நான் முதல் வேலைக்காரன். யூக்கலிப்டஸும், வலித் தைலத்துக்குப் போடும் விண்டர்கிரீன் இலையும் வடித்து விற்கிறேன்.

ரோசாவை விட்டுவிடு. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். பல்கேரியாவிலும் துருக்கியிலும் அதற்கென்றே டமாஸ்க் ரோசாத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். நம் வாசல் ரோசா பார்க்கத்தான் அழகு.

மானா சரிவரும், எலுமிச்சை வாசமுள்ள சிட்ரோனெல்லாப் புல்லின் இனம்தான். வெட்டியதைக் கொஞ்சம் வாடவிடு. பீப்பாவின் அடியில் தண்ணீர், அதற்கு மேலே துளை போட்ட தகடு, தகட்டின் மேல் புல். புல்லை ஆவிதான் தொட வேண்டும். தண்ணீர் தொட்டால் கீரை அவித்த வாடை எண்ணெயிலும் ஏறிவிடும். மூடி விளிம்பைக் கோதுமை மாவு பிசைந்து அடை. குழாய் எங்காவது அடைபட்டாலும் மாவு பிய்த்துக்கொள்ளும், பீப்பா வெடிக்காது. ஆவி போகும் குழாயைப் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீருக்குள் சுற்றி விட்டால் குளிர்ந்து சொட்டும். நம் ஊர்த் தண்ணீருக்கு ஐஸ் எதற்கு!

சொட்டியதை அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். எல்லா எண்ணெயும் இப்படி மிதக்காது. விண்டர்கிரீன், கராம்பு, கறுவா இலை எண்ணெய்கள் அடியில் போய்ப் படுக்கும். மேலே ஒன்றுமில்லையே என்று மொத்தத்தையும் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 கிலோ பச்சைப் புல்லுக்கு ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறாது, விறகுச் செலவையும் யோசித்துக்கொள்.

மானா வாசம் சுருக்கென்று ஏறிச் சீக்கிரம் பறந்துவிடும். அதைப் பிடித்து வைக்க வெட்டிவேர் எண்ணெய் மாதிரிக் கனத்தது கொஞ்சம் சேர வேண்டும். முதலில் பறப்பது, நடுவில் நிற்பது, கடைசிவரை ஒட்டியிருப்பது என்று மூன்றையும் பார்த்துத்தான் சென்ட் கூட்டுவார்கள்.

கெமிஸ்ட்ரி மாஸ்டர், பண்டாரவளை

கூட்டிய எண்ணெயைக் கரைக்க எத்தனால் வேண்டும். இங்கே அது மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதி எடுக்க வேண்டும். மலிவு என்று மெதனோல் கலந்த ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், கண் பார்வையைப் பறிக்கும். இன்னொன்று, விண்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் மெதில் சலிசிலேட். சின்னப் பிள்ளை ஒரு தேக்கரண்டி குடித்தாலே உயிருக்கு ஆபத்து. போத்தலை எட்டாத இடத்தில் வையுங்கள்.

லிந்துலைத் தையல்காரி

அப்போ ஸ்பிரிட் இல்லாமல் வழியே இல்லையா? எல்லோரும் கேட்பது மல்லிகை வாசம்தான். அதையும் ஆவியில் வடிக்கலாமா அண்ணே?

வெலிமடைத் தைலக்காரன்

மல்லிகை சூடு தாங்காது. கம்பனிக்காரர்கள் ஹெக்சேன் என்ற பெற்றோலியக் கரைப்பானில் ஊறவைத்து எடுப்பார்கள். குப்பென்று பற்றும், வீட்டுப் பக்கமே கொண்டுவராதே.

ஆனால் வேறு வழி உண்டு. பிரான்சின் கிராஸ் நகரில் அந்தக் காலத்தில் கண்ணாடியில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசி, மேலே மல்லிகையைப் பரப்புவார்கள். பறித்த பிறகும் மல்லிகை வாசம் விட்டுக்கொண்டே இருக்கும், கொழுப்பு அதை இழுத்துக்கொள்ளும். நமக்குத் தேங்காயெண்ணெய் போதும். 24 பாகைக்குக் கீழே உறையும், உங்கள் பக்கம் டின்னுக்குள் கட்டியாகத்தானே கிடக்கிறது!

வாசமில்லாத வெள்ளைத் தேங்காயெண்ணெயைத் தட்டில் பூசு. பூக்காரரிடம் மொட்டாகவே கேட்டு வாங்கி, அந்தியில் கவிழ்த்து அடுக்கு. காலையில் பொறுக்கிவிட்டு, சாயங்காலம் புதுப்பூ வை. வாசம் போதும் என்று உனக்குப் படும்வரை இப்படியே. மொட்டில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்புறம் தேன்மெழுகைத் தனியாக உருக்கு, அடுப்பை விட்டு இறக்கிய பிறகே வாசமேறிய எண்ணெயைக் கலந்து சின்ன டப்பியில் ஊற்று. ஸ்பிரிட் இல்லாத கட்டிச் சென்ட் இதுதான். நுவரெலியாவில் விற்க மெழுகு கொஞ்சம் போதும். கொழும்புக்கு அனுப்புவதென்றால் மெழுகைக் கூட்டு, இல்லாவிட்டால் அங்கே திறக்கும்போது டப்பிக்குள் வெறும் எண்ணெய்தான் ஓடும்.