‘இன்லைன்’ எழுத்துருவுக்குத் தமிழ்ச்சொல்: உள்வரியா, கீற்றா?

அனைவருக்கும் வணக்கம்.

தடித்த தலைப்பு எழுத்துகளின் உடலுக்குள் மெல்லிய வெள்ளை இழை ஒன்று ஓடும் பழம்பாணி எழுத்துருக்களை இதுவரை ‘இன்லைன்’ என்றே எழுதிவருகிறோம். இதற்கு முன்மொழியப்பட்டுள்ள ‘உள்வரி’ சுருக்கமான சொல்தான். ஆயினும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எழுத்துருத் துறையில் வரி என்றால் பத்தியின் வரிதான். வரி இடைவெளி, வரி நீளம் ஆகியவை அந்தப் பொருளிலேயே நிலைத்துவிட்டன. வலைப்பக்க வடிவமைப்பிலோ இன்லைன் என்பது வரியின் ஓட்டத்திலேயே அமையும் உறுப்பைக் குறிக்கிறது. அங்கும் இங்கும் ‘உள்வரி’ என்றே எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? (பழந்தமிழில் உள்வரி என்பதற்கு வேற்றுவேடம் என்ற பொருளும் உண்டு.)

மற்றொரு சொல்லான ‘உட்கோடு’ இந்த மயக்கத்தைத் தவிர்க்கிறது. ஆனால் கோடு வரையப்படுவது. இங்கே எதுவும் வரையப்படுவதில்லை. ஈய அச்செழுத்தில் அந்த இடம் பள்ளமாக இருந்ததால் மை படாமல் தாளே தெரிந்தது. இன்றைய எழுத்துருக் கோப்பிலும் வெளி எல்லைக்கு எதிர்த்திசையில் சுற்றும் ஓர் உள் எல்லையே அந்தத் துளையை உண்டாக்குகிறது. பின்னணியைச் சிவப்பாக்கினால் இழையும் சிவப்பாகிவிடும். கதவிடுக்கின் வழியே தெரியும் ஒளியை நாம் கீற்று என்றுதானே சொல்கிறோம்? ஆகவே ‘கீற்றெழுத்துரு’ என்பதை முன்மொழிகிறேன். ஓலைக்கீற்று நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம்; அதுவும் நீளவாக்கில் பிளந்த வடிவமே என்பதால் பொருள் கெடவில்லை.

இச்சொல் எளிதாகக் கிளைக்கவும் செய்கிறது. ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ருடால்ஃப் காக் உருவாக்கி 1923இல் வெளிவந்த நொய்லாண்ட் எழுத்துருவின் இன்லைன் வடிவத்தில் உள்ளது நடுக்கீற்று; 1922இல் வந்த கௌடி ஹேண்ட்டூல்டு எழுத்துருவில் இழை இடப்பக்கம் ஒதுங்கி, செதுக்கிய எழுத்தில் ஒளி பட்டாற்போலத் தோன்றுவதால் அது ஓரக்கீற்று; காக்கின் 1931ஆம் ஆண்டுப் பிரிஸ்மா எழுத்துருவில் ஒவ்வொரு தண்டும் (எழுத்தின் உடலாக அமையும் தடித்த கோடு) இணைகோடுகளாகவே பிரிந்திருப்பதால் பல்கீற்று.

தமிழ் எழுத்துகளுக்கு இதைப் பொருத்தும்போதுதான் மேலும் சொற்கள் தேவைப்படுகின்றன. ‘ண’வின் சுழிகளும் தண்டுகளும் ஏற்கெனவே நெருங்கி நிற்கின்றன, தண்டைத் தடிக்கவைத்து அதற்குள் கீற்றும் இட்டால், கீற்று எது, சுழிக்குள் இருக்கும் வெற்றிடமான உள்வெளி எது என்று கண்ணுக்குப் பிரித்தறிவது கடினமாகிவிடும். எனவே கீற்றைவிட உள்வெளி தெளிவாக அகன்றிருக்க வேண்டும். அதற்கு இடமில்லாத எழுத்தில் கீற்றைச் சுழிக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. வளைவு தண்டைத் தொடும் இடத்தில் இரு கீற்றுகளும் கூடினால் ‘கீற்றுச் சந்தி’ என்றும், ஒன்று நின்று மற்றது கடந்தால் ‘கீற்று முறிவு’ என்றும் குறிக்கலாம். புள்ளிக்குள் கீற்றிட்டால் அது வளையமாகிவிடும் என்பதால், புள்ளியைக் கருமையாகவே விடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. தண்டின் முனைக்குச் சற்று முன்னரே நின்றுவிடும் கீற்றை ‘மூடிய கீற்று’ என்றும், முனையைப் பிளந்து வெளியேறுவதைத் ‘திறந்த கீற்று’ என்றும் இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். இவற்றைவிடப் பொருத்தமான இணை இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.